ஹெஸ்டரின் மௌனம் பொறுமையல்ல

அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹோதோர்ன் 1850ஆம் ஆண்டு வெளியிட்ட 'த ஸ்கார்லெட் லெட்டர்' நாவலைப் பற்றிப் பேசுவோரில் இரு சாராரைக் காணலாம். பாவம் செய்தவள் அதன் விளைவை அனுபவித்தே தீருவாள் என்று போதிக்கும் நீதிக்கதை இது என்பர் ஒரு சாரார். அடக்கத்தாலும் பொறுமையாலும் ஒரு பெண் தன் களங்கத்தைக் கழுவிக்கொண்ட கதை என்பர் மறு சாரார். முன்னவர் ஹெஸ்டர் பிரின்னைக் குற்றவாளிக் கூண்டிலேயே நிறுத்துகின்றனர். பின்னவர் அவளைப் பொறுமைக்கு இலக்கணமாக்கி வணங்குகின்றனர். இரண்டும் பிழையான வாசிப்புகள் என்பதே எனது வாதம். இரண்டில் பின்னையதே அதிகம் பிழையானது. ஏனெனில் அது பாராட்டு வேடம் பூண்டு வருகிறது.

கதை நிகழ்வது 1640களின் பொஸ்டனில். இங்கிலாந்துத் திருச்சபை போதிய அளவு தூய்மையடையவில்லை என்று கருதி, கடல் கடந்து குடியேறிய பியூரிட்டன்களின் ஊர் அது. கணவன் ஈராண்டாகக் காணாமற்போன நிலையில் ஹெஸ்டர் குழந்தை பெறுகிறாள். தண்டனையாக மூன்று மணிநேரம் கைக்குழந்தையுடன் சந்தை மேடையில் நிற்கவேண்டும். ஆயுள் முழுவதும் நெஞ்சில் ஆங்கில அரிச்சுவடியின் முதலெழுத்தை அணிந்திருக்கவேண்டும். இது ஆசிரியரின் வெறும் கற்பனையன்று. மசாசூசெட்ஸில் 1641இன் சட்டத்தொகுப்பு பிறன்மனை சேர்தலுக்கு மரணதண்டனை விதித்தது. 1644இல் மேரி லேதம் என்ற இளம்பெண்ணும் ஜேம்ஸ் பிரிட்டன் என்பவரும் அக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டனர். 1694இன் சட்டமோ இரண்டு அங்குல உயரமான அவ்வெழுத்தை ஆடையில் அணியுமாறு பணித்தது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 1644இல் சட்டம் இருவரையும் தண்டித்தது. நாவலின் மேடையிலோ ஒருத்தி மட்டுமே நிற்கிறாள். குழந்தையின் தந்தையான போதகர் டிம்ஸ்டேல் மேலே, மாடத்தில், நீதிபதிகளின் பக்கத்தில் இருக்கிறார். 'உன்னுடன் பாவம் செய்தவன் யார், சொல்' என்று அவளிடம் கேட்கும் பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்படுகிறது! ஊர் தண்டித்தது பாவத்தையா? இல்லை, கண்ணுக்குத் தெரிந்த உடலையே தண்டித்தது. பாவம் என்பது மனிதனின் மனச்சாட்சிக்கும் அவனைப் படைத்தவனுக்கும் இடையிலான விவகாரம். அவமானமோ கூட்டம் கூடாமல் நிகழாது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதுதான் அச்சமூகத்தின் பெருங்குற்றம். பாவியாகிய டிம்ஸ்டேல் ஏழாண்டு காலம் இரகசியமாகத் தன்னைத் தானே சவுக்கால் அடித்துக்கொள்கிறார். 'நான் பாவி' என்று பொதுப்படையாகப் பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம் சபையோர் அவரை இன்னும் பெரிய புனிதராக மதிக்கின்றனர்.

இனி, 'பொறுமைசாலி ஹெஸ்டர்' என்ற புகழுரைக்கு வருவோம்.

மேடையில் அவள் பெயரைச் சொல்ல மறுத்தாள். அது பணிவன்று, ஆளுநரும் போதகர்களும் ஒன்றுகூடி இட்ட கட்டளைக்குப் பகிரங்கமான மறுப்பு. அவமானச் சின்னமாக அணியச் சொன்ன எழுத்தையோ சிவப்புத் துணியில் பொன்னிழையால் பூவேலை செய்து அணிந்தாள். மேடையடியில் நின்ற பெண்கள் ஆத்திரமுற்றதும் அதனாலேயே. நெற்றியில் சூடு வைத்திருக்கவேண்டும் என்றாள் ஒருத்தி. சாகடித்திருக்கவேண்டும் என்றாள் இன்னொருத்தி. குழந்தையொன்றைக் கையில் பிடித்திருந்த ஓர் இளம் மனைவி மாத்திரமே இரங்கினாள். பெண்ணுக்குப் பெண் இயல்பாகவே இரங்குவாள் என்ற கற்பனை ஹோதோர்னிடம் இல்லை.

ஊசியும் நூலுமே அவளது சீவனோபாயம். ஆளுநரின் கழுத்துப்பட்டியும் போதகரின் அங்கியணியும் குழந்தையின் தொப்பியும் பிணத்தின் போர்வையும் அவள் கைவேலையால் அலங்கரிக்கப்பட்டன. மணப்பெண்ணின் வெண்முக்காட்டுக்கு மட்டும் எவரும் அவளை அழைக்கவில்லை. அவளது உழைப்பு வேண்டும், அவள் வேண்டாம்! அவள் ஏழைகளுக்கு ஆடை தைத்துக் கொடுத்தாளே, அது பொறுமையல்லவா என்று கேட்கலாம். அதே அத்தியாயத்தில் ஆசிரியர் சொல்லும் இன்னொரு செய்தியை ஏன் மறைக்கவேண்டும்? தன் பகைவர்களுக்காக அவள் பிரார்த்திப்பதில்லை. வாழ்த்துச் சொற்கள் சாபமாகத் திரும்பிவிடுமோ என்று அஞ்சினாள். கோபம் அடங்கிய பெண்ணின் அச்சமா இது?

எங்கே வாய் திறக்கவேண்டுமோ அங்கே அவள் திறந்தாள். குழந்தை பேர்ளைப் பறித்தெடுக்க ஆளுநர் பெலிங்ஹம் முனைந்தபோது, அவர் வீட்டிலேயே நின்று, 'எனக்காகப் பேசும்' என்று டிம்ஸ்டேலைப் பேசவைத்தவள் அவள். கணவன் சிலிங்வேர்த் வைத்தியன் வேடத்தில் அப்போதகரின் உயிரை அரித்துக்கொண்டிருந்ததை ஏழாண்டு மறைத்ததும் அவளே. அந்த மௌனம் தீங்கு செய்தது, அதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அதை உணர்ந்ததும் கணவனிடம் நேரே சென்று, இனி மறைக்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டே வாக்கை மீறினாள். தப்பிச் செல்ல யோசனை சொன்னதும் கப்பலில் இடம் பிடித்ததும் அவள்தான். எப்போது பேசுவது, எப்போது பேசாதிருப்பது என்பதைத் தானே தீர்மானிக்கும் ஒருத்தியைப் பொறுமைசாலி என்றழைப்பது அவளது அறிவைக் களவாடுவதாகும்.

எனக்கு ஹோதோர்னுடனும் ஒரு வழக்குண்டு. கதை முடிவில் ஹெஸ்டர் தானாகவே திரும்பி வருகிறாள். எந்த நீதிபதியும் நிர்ப்பந்திக்காமலே அவ்வெழுத்தை மீண்டும் அணிகிறாள். துயருற்ற பெண்கள் அவளது குடிலைத் தேடி ஆலோசனைக்கு வருகின்றனர். இவ்வளவும் காட்டிவிட்டு, களங்கமுற்ற பெண்ணொருத்தி புதிய உண்மையை அறிவிப்பவளாக இருக்கவியலாது என்ற எண்ணத்தை ஆசிரியர் அவளது மனத்தில் புகுத்துகிறார். அது அவளது எண்ணமல்ல, அவரது தயக்கம். சேலம் நகரில் 1692இல் நடந்த சூனிய வழக்குகளில் விசாரணை செய்த ஜோன் ஹாதோர்ன் அவரது மூதாதை. அவ்வழக்குகளில் தூக்கிலிடப்பட்ட 19 பேரில் 14 பேர் பெண்கள். அப்பழிக்காக வெட்கப்பட்ட பேரன்தான் 1855இல் தன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் பெண் எழுத்தாளர்களின் செல்வாக்கை ஏசினார். தான் படைத்த பெண்ணின் துணிவுக்கு ஈடுகொடுக்க அவரால் இயலவில்லை. ஆயினும் நாவல் ஆசிரியரைவிட நேர்மையானது. அந்த ஒரு வசனத்தை அக்குடிலின் வாசலில் காத்திருக்கும் பெண்களே பொய்யாக்குகின்றனர்.

1995இல் வந்த திரைப்படமோ காதலர் இருவரையும் உயிருடன் சேர்த்துவைத்து வண்டியேற்றி அனுப்பியது. அதுவும் அவளுக்கு இழைத்த அநீதியே. ஓர் ஆணுடன் சேர்ந்தால்தான் பெண்ணின் கதை நிறைவுறும் என்று அது நம்பியது.

ஆகவே, ஹெஸ்டரை மன்னிக்கப் பெருந்தன்மையுடன் முன்வரும் வாசகர்கள் சற்றுத் தாமதிக்கவேண்டும். ஊராரிடம் அவள் மன்னிப்புக் கேட்கவேயில்லை. மேடையைக் கட்டியவர்களும் அதைச் சுற்றி நின்று பார்த்தவர்களும்தான் கேட்கவேண்டியவர்கள். அவர்கள் கேட்டதாக நாவலில் ஒரு வரியும் இல்லை.