பாலையில் என்ன இருக்கிறது?

விருதுநகர் மாவட்டத்தாருக்கு வெயில் ஒரு மூலதனம். 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அதனைச் சிவகாசியில் வேரூன்றச் செய்தபோது, மழை குறைந்த இவ்வட்டாரத்தின் வறண்ட காற்றும் துணைநின்றது. குச்சி உலரவேண்டும், மருந்து உலரவேண்டும். பட்டாசுக்கும் அதுவே விதி. ஆகவே கோடையைக் காயவைக்கும் பருவமாக மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம்.

வகுப்பறையிலும் இதே பார்வைதான். முல்லையும் குறிஞ்சியும் திரிந்த நிலமே பாலை என்னும் சிலப்பதிகார விளக்கத்தோடு பாடத்தை முடித்துவிடுகிறோம். மாணவர் மனத்தில் ஒன்றுமற்ற நிலத்தின் சித்திரமே தங்குகிறது. ஆனால் அகநானூற்றின் 400 பாடல்களில் சரிபாதி, அதாவது 200, பாலைப் பாடல்கள். ஒன்றுமற்ற நிலத்தைப்பற்றி இத்தனை பாட இயலுமா? இருப்பைப் பூவும் பாதிரியும் கள்ளியும் பல்லியும் பருந்துமாக அவற்றில் நிறைந்திருப்பது கூர்ந்த கவனிப்பு.

அக்கவனிப்புக்குக் காடேக வேண்டியதில்லை. பாத்திரம் கழுவிய நீரே பாசனமாகிய எங்கள் சிறு கொல்லை போதும். மண்ணில் ஈரப்பசையே இல்லாத பங்குனியில் வேம்பு தளிர்க்கிறது. சித்திரையில் பூத்துக் கொட்டுகிறது. ரசத்துக்கு நாம் எடுத்ததுபோக எஞ்சியது தேனீக்களுக்கு. ஆனியில் பழுத்தால் குயிலும் சின்னானும் வந்து, கொட்டையை ஊரெங்கும் விதைக்கின்றன. ஊதாத் தேன்சிட்டு செம்பருத்தியின் அடிப்பகுதியைத் துளைத்துத் தேன் திருடுகிறது. கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம்போல் கிடப்பது கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்ததும் இலையின் பச்சையைப் பூண்டுகொள்கிறது. வேலியோரத்து எருக்கைத் தின்னும் வெந்தய வரியனின் புழு, அதன் நச்சை உடலில் சேர்த்துவைப்பதால், வண்ணத்துப்பூச்சியான பின்னும் பறவைகள் பெரும்பாலும் அதனைத் தவிர்க்கின்றன.

இவையனைத்துக்கும் இன்று வினையாக வந்திருப்பது சிமெண்ட் தளம். புதுவீடு கட்டுவோர் பலர் சுற்றுச்சுவர்வரை மண் தெரியாமல் மூடிவிடுகின்றனர். குப்பை சேராது, பாம்பு அண்டாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். பாம்பச்சத்தை நான் எள்ளவில்லை. ஆயினும் செங்கற் குவியலையும் விறகுக் கட்டையையும் அகற்றினாலே அவ்வச்சத்தின் பெரும்பகுதி தீரும். வேம்பும் எருக்கும் செய்த குற்றம் என்ன?

கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் மக்களின் சொற்களைத் தொகுத்து வட்டார வழக்குச் சொல்லகராதியை நமக்களித்தார். சொல்லைத் தாளில் காத்துவிடலாம். அச்சொல் சுட்டும் உயிரைக் காக்க மண் வேண்டும்.

தமிழாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. கோடை விடுமுறைக்குமுன் மாணவரிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். அவரவர் வீட்டருகே பூத்ததையும் பறந்ததையும் ஊர்ந்ததையும் வாரந்தோறும் எழுதிவரச் சொல்லுங்கள்; பெயர் தெரியாதவற்றைப் பாட்டியிடம் கேட்டறியட்டும். ஆனியில் கல்லூரி திறந்ததும் பாலைத்திணையை அக்குறிப்பேடுகளிலிருந்தே தொடங்கலாம்.