ஆராய்ச்சி யாருடைய சொத்து?

2024-ம் வருஷம் நவம்பர் மாதம் 25-ந் தேதி இந்திய சர்க்காரின் மந்திரி சபை "ஒரே நாடு ஒரே சந்தா" என்பதாக ஒரு திட்டத்தை ஒப்புக்கொண்டது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று வருஷங்களுக்கு சுமார் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பிரசுரக் கம்பெனிகளின் ஏறக்குறைய 13,000 ஆராய்ச்சிப் பத்திரிகைகளை, 6,300-க்கு மேற்பட்ட சர்க்கார் ஸ்தாபனங்களில் உள்ளவர்கள் படிக்கும்படி செய்வதே அத்திட்டம். ஒரு பத்திரிகைக்கும் வகையில்லாதிருந்த ஜில்லாக் கலாசாலை மாணவனும் சென்னை ஐ.ஐ.டி. மாணவன் படிப்பதைப் படிக்கலாம் என்கின்ற அளவில் இதை நாம் வரவேற்கவே செய்கின்றோம். ஆனால் இப்பணம் யாருக்கு, எதற்காகப் போகின்றது என்பதைப் பொது ஜனங்கள் அறிய வேண்டாமா?

இவ்வியாபாரத்தின் யோக்கியதையைச் சற்று கவனியுங்கள். சர்வகலாசாலை ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது சர்க்கார். அவருடைய ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவிகளை வாங்கிக் கொடுப்பதும் பெரும்பாலும் சர்க்காரே. அவர் எழுதிய கட்டுரைக்குக் கம்பெனி ஒரு காசும் கொடுப்பதில்லை. கட்டுரை சரியா தப்பா என்று பரிசீலிக்கின்றவர்களும் வேறு சர்வகலாசாலைகளின் ஆசிரியர்களே. அவர்களுக்கும் பெரும்பாலும் கூலி கிடையாது. கடைசியில் கட்டுரையின் உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டு, அதே சர்வகலாசாலைக்கு அதையே விலைக்கு விற்கின்றார்கள். நம் வயலில், நம் விதையைப் போட்டு, நம் ஆளே விளைத்த நெல்லை இனாமாக வாரிக்கொண்டு போய், நமக்கே படி போட்டு அளந்து விற்கின்றவனை நம் கிராமத்தார் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள்? எல்செவியர் கம்பெனிக்கு இத்தொழிலில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் லாபம் நிற்கின்றது. பணத்தில் புரள்கின்ற ஹார்வர்டு சர்வகலாசாலையின் நூல்நிலைய ஆலோசனைக் குழுவே இந்தச் சந்தாக்களைக் கட்டி மாளாது என்று 2012-ல் கைவிரித்துவிட்டது.

இவ்வளவு கொடுத்தும் கதவு எல்லோருக்கும் திறந்ததா என்றால், அதுவுமில்லை. தமிழ்நாட்டு இஞ்சினீயரிங் கலாசாலைகளில் பெரும்பாலானவை தனியார் நடத்துகின்றவை. நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அங்கே சேர்க்கின்ற தகப்பனாரும் வரி கொடுக்கின்றவர்தான். ஆனால் திட்டத்தின் முதல் கட்டத்தில் அப்பிள்ளைக்கு இடமில்லை. கிராமத்தில் தனியாக வைத்தியம் செய்கின்ற டாக்டருக்கும் இல்லை. சூத்திரன் காதில் விழக்கூடாதென்று வேதத்தைப் பூட்டி வைத்ததைக் கண்டிக்கின்ற நாம், சந்தா கட்டாதவன் கண்ணில் படக்கூடாதென்று விஞ்ஞானத்தைப் பூட்டுவதை மாத்திரம் எப்படி நியாயம் என்போம்?

நிற்க, படிப்பவன் இனாமாகப் படிக்கட்டும், எழுதுகின்றவனே பணம் கட்டட்டும் என்று கம்பெனிகள் இப்போது ஒரு தாராளம் காட்டுகின்றன. அத்தாராளத்தின் விலையையும் கேளுங்கள். "நேச்சர்" பத்திரிகை அவ்விதம் பிரசுரிக்க 2021-ல் விதித்த கட்டணம் கட்டுரை ஒன்றுக்கு 9,500 யூரோ, அதாவது அன்றைய மதிப்பில் எட்டு லட்ச ரூபாய்க்கு மேல்! வாசலில் வாங்கிய சுங்கத்தைக் கொல்லைப்புறத்தில் வாங்குவதற்குத் தாராளம் என்றா பெயர்?

வேறு வழியில்லை என்பது பொய். பிரேசில் தேசத்தார் 1997-லேயே பொதுப் பணத்தைக் கொண்டு "சைலோ" என்னும் ஏற்பாட்டை ஆரம்பித்து, தங்கள் பத்திரிகைகளை யாவரும் இனாமாகப் படிக்கும்படி செய்தார்கள். நம் நாட்டிலும் விஞ்ஞான தொழில்நுட்ப இலாக்காவும் உயிரிநுட்ப இலாக்காவும், தங்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டுமென்று 2014 டிசம்பரில் விதி செய்தன. ஆனால் விதியை ஏட்டில் எழுதி வைத்த மாத்திரத்தில் யார் கொண்டுவந்து சேர்ப்பார்கள்? பெல்ஜியத்தில் லீஜ் சர்வகலாசாலையின் தலைவர் பெர்னார் ரென்டியே 2007-ல் ஒரு காரியம் செய்தார். களஞ்சியத்தில் சேர்த்த கட்டுரைகள் மாத்திரமே உத்தியோக உயர்வுக்குக் கணக்கில் எடுக்கப்படும் என்றார். அவ்வளவுதான், கட்டுரைகள் தாமாக வந்து சேர்ந்தன!

நம் பண்டிதர்களோ கட்டுரையைப் படித்துப் பாராமல், அது வெளியான பத்திரிகையின் பெயரைப் பார்த்து உயர்வு கொடுக்கின்றார்கள். ஆளின் அறிவைப் பாராமல் ஜாதியைப் பார்த்து ஆசனம் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கம்பெனிகளின் கொள்ளைக்கு வேர் இந்தப் பெயர் மோகத்தில்தான் இருக்கின்றது.

ஆகவே சென்னை, மதுரை, அண்ணாமலை சர்வகலாசாலைகளின் சிண்டிகேட் கனவான்களை நாம் கேட்பது ஒன்றே. லீஜ் செய்ததைப் போன்ற தீர்மானத்தை நீங்களும் நிறைவேற்றுங்கள். இதற்கு 6,000 கோடி வேண்டியதில்லை. டில்லியின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதுமில்லை.