இங்கிலீஷ்காரி அல்லர்!

சென்ற மாதம் விடுதிப் பொது அறையில் ‘பிளாக் நார்சிசஸ்’ என்னும் படத்தைப் போட்டுப் பார்த்தோம். 1947-ல் வெளிவந்த படம். இமயச் சாரலில் மடம் அமைக்க வந்த கன்னியாஸ்திரீகளின் கதை. “இமயத்தை எவ்வளவு அழகாகப் படம் பிடித்திருக்கிறார்கள், அண்ணா!” என்று வியந்தார், முதலாண்டுத் தம்பி ஒருவர். “இமயமாவது! பைன்வுட் நிலையத்து அரங்கும், ஓவியர்கள் தீட்டிய மலைகளும் அல்லவா அவை? இந்தியாவில் ஓர் அடிகூட எடுக்கவில்லை” என்றேன். அவர் நம்பவில்லை. போகட்டும். “தலைமைக் கன்னியாஸ்திரீயாக வந்தாளே, அந்த இங்கிலீஷ்காரி, நன்றாகச் செய்தாள்” என்றாரே, அதுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

டெபோரா கார் இங்கிலீஷ்காரி அல்லர், ஸ்காத்லாந்துக்காரர். 1921-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். இந்த வளாகத்தில் நம்மை ஒருவன் ‘மதராசி’ என்று அழைத்துவிட்டால் நமக்கு எவ்வளவு சினம் வருகிறது! நெல்லையும் கோவையும் அவனுக்கு ஒன்றுதான். நாம் மட்டும் அதையே பிறருக்குச் செய்யலாமா?

அவருக்கு வாய்த்த துன்பமும் அதுவே. நாட்டியம் பயின்று, மேடையேறி, படத்துக்கு வந்து, 1943-ல் ‘கர்னல் பிளிம்ப்’ படத்தில் மூன்று வேடங்களை ஒருவரே தாங்கியவர். ஹாலிவுட் என்ன செய்தது? ‘பண்புள்ள ஆங்கிலச் சீமாட்டி’ என்று முத்திரை குத்தி அலமாரியில் வைத்தது. அம்முத்திரையை 1953-ல் அவரே உடைத்தார். ‘ஃபிரம் ஹியர் டு எடர்னிட்டி’யில், கணவனை வெறுத்து வேறொருவனை நாடும் படைத்தலைவன் மனைவி வேடம்! அதே ஆண்டில் நியூயார்க் மேடையில் ‘டீ அண்ட் சிம்பதி’. இரண்டையும் ஒரே ஆண்டில் செய்ய எத்துணைத் துணிவு வேண்டும், எண்ணிப் பாருங்கள்.

சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசுக்கு ஆறு முறை பெயர் முன்மொழியப்பட்டும் ஒருமுறைகூடக் கிட்டவில்லை. 1994-ல்தான் கௌரவப் பரிசு கொடுத்தார்கள். ‘தி கிங் அண்ட் ஐ’ (1956) படத்தில் அவருக்காகப் பாடியவர் மார்னி நிக்ஸன். படத்தில் அவர் பெயரே போடவில்லை. பின்னணிப் பாட்டு நமக்குப் புதிதன்று. பாடியவர் பெயரை மறைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

1969-க்குப் பின் படங்களை விட்டு மேடைக்கே திரும்பினார். 1975-ல் ஆல்பியின் ‘சீஸ்கேப்’ நாடகத்தில் நடித்தார். பிறகு தொலைக்காட்சியிலும் வந்தார். அவருடைய கடைசித் திரைப்படம் 1985-ல் வந்த ‘தி அஸ்ஸாம் கார்டன்’. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்து இங்கிலாந்து திரும்பிய கைம்பெண். பக்கத்தில் குடியிருக்கும் இந்தியப் பெண்ணாக மதுர் ஜாஃப்ரி. 1947-ல் இந்தியப் பெண் வேடத்துக்கு ஜீன் சிம்மன்ஸுக்குச் சாயம் பூசி நிறுத்தினார்கள். முப்பத்தெட்டு ஆண்டு கழித்து, அதே டெபோராவின் எதிரே மெய்யான இந்திய நடிகை நின்றார். இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை; விடுதிச் செயலர் மனம் வைக்க வேண்டும்!

இனி நம் சங்கத்துக்கு வருகிறேன். பொங்கல் நாடகத்தில் ஒரு தோழியாருக்கு மூன்றாண்டுகளாகத் தாய் வேடம்தான். அமைதியான முகமாம்! எனக்கு மூன்றாண்டும் வாயிற்காவலன். அதுபற்றி வழக்கில்லை, நான் அதற்குத்தான் தகுதி. ஆனால் அத்தோழியார் இவ்வாண்டு பெயரே கொடுக்கவில்லை. கேட்டதற்கு, “இன்னொரு முறை மகனை நினைத்து அழ என்னால் ஆகாது” என்றார். பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமை முடிகிறது. அவரைக் கொடுங்கோல் அரசியாக நடிக்க அழைத்துப் பாருங்கள், நாடகச் செயலர் அவர்களே. ஒத்திகைக்கு நாற்காலி தூக்க நான் வருகிறேன்.