சனியனா? மூளையா?

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைக் கரிசல் சீமையில், ஒருவன் எடுத்த காரியத்தை முடிக்காமலும், வைத்த பொருளை மறந்தும், சொன்ன நேரத்துக்கு வராமலும் இருந்தால் அவனுக்குக் கிடைக்கும் பட்டங்கள் இரண்டு. ஒன்று சோம்பேறி, மற்றொன்று சனியன் பிடித்தவன். முன்னதற்கு வசவு, பின்னதற்குத் திருநள்ளாறு. நாற்பது வருஷமாய் இவ்விரண்டினாலும் குணமாகவில்லையென்றால், வைத்தியமே தவறு என்று யோசிக்க வேண்டாமா என்று கேட்கின்றோம்.

கவனம் நிலைக்காத தன்மையை 1798-லேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்னும் வைத்தியர் எழுதிவைத்தார். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் வைத்தியர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோது, அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றார். விஞ்ஞானம் அந்த அபிப்பிராயத்தைத் திருத்திக்கொண்டது. சாஸ்திரமோ எதையும் திருத்திக்கொள்வதில்லை! இன்று ஏ.டி.எச்.டி. எனப்படும் இது மூளை வளர்ச்சியிலுள்ள வேற்றுமை. பெரிதும் பரம்பரையாய் வருவது. பலருக்கு வயது வந்த பின்னும் நீடிப்பதால், 2013-ல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் பெரியவர்களுக்கும் பொருந்தும்படி விதிகளை மாற்றியது.

துள்ளித் திரியும் பையனை வாத்தியார் கவனிப்பார். மூலையில் நினைவிழந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை யார் கவனிப்பது? அவளே பின்னால் அடுப்பிலிருக்கும் பாலைப் பொங்கவிட்டால் "பொறுப்பற்றவள்" என்ற பெயர்!

நிற்க. இப்படி வசவு தின்றே வளர்ந்தவர்களில் பலர், இனி ஒரு பிழையும் வரலாகாது என்று விரதம் பூணுகின்றார்கள். ஒரு கடிதத்தைப் பத்துத் தடவை கிழித்தெழுதி, கடைசியில் அனுப்பாமலே விடுகின்றார்கள். மந்திரத்தில் ஒரு ஸ்வரம் பிசகினால் யாகமே பாழ் என்னும் புத்திக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தன்னையே இழிவாய் எண்ணுகிறவனிடம் சுயமரியாதை எப்படித் தங்கும்?

நமது மானாவாரிச் சம்சாரியைப் பாருங்கள். சால் கோணலென்று திரும்பத் திரும்ப உழுதுகொண்டிருந்தால் மண்ணில் ஈரம் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். கோணற் சாலிலும் பருத்தி வெடிக்கும்.

ஆகவே தோழர்களே! மறதியுள்ளவர்களுக்கெல்லாம் இந்தக் கோளாறு என்று நாம் சொல்லவில்லை. சிறுவயது முதலே இப்படியா என்று விசாரித்து முடிவு சொல்ல வேண்டியவர் மனநல வைத்தியர். கயிறு கட்டும் காசை மிச்சப்படுத்தி அவரிடம் போங்கள். 2022 முதல் சர்க்கார் நடத்தும் டெலி மனாஸ், 14416 என்ற எண்ணில் இலவசமாய் யோசனை சொல்லுகிறது. மருந்தும் உண்டு, எழுதிவைப்பது, வேலையைச் சிறு கூறுகளாக்குவது முதலிய பழக்கங்களும் உண்டு. செய்தது முக்கால் பங்கு என்றாலும் செய்ததே.

பரிபூரணன் என்ற பட்டம் கடவுளுக்கே இருக்கட்டும். இல்லாத ஆளுக்கு இல்லாத குணம் பொருத்தமே. மனிதனுக்கு முடிந்தவரை செய்த வேலை போதும்.