கணக்கில் வராத கருச்சிதைவுகள்: டெல்லி காற்றும் கர்ப்பிணிகளும்

டெல்லியின் காற்று மாசு குறித்த விவாதம் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் எழுந்து, பனி விலகியதும் அடங்கிவிடுகிறது. கர்ப்பிணிகளின் காலக்கணக்கு வேறு. நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மோசமான மாதங்களை முற்றிலும் தவிர்க்க வேண்டுமெனில், பிப்ரவரி தொடக்கத்தில் கருவுற்று அக்டோபர் இறுதிக்குள் பிரசவிக்க வேண்டும். தலைநகரில் வாழும் பெரும்பாலான பெண்களுக்கு இந்த வாய்ப்பு அமைவதில்லை.

இதன் விளைவை அளவிட முயன்ற முக்கிய ஆய்வு, 2021 ஜனவரியில் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் வெளியானது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தைச் சேர்ந்த 34,197 தாய்மார்களின் தரவுகளைச் சீன ஆய்வாளர்கள் பரிசீலித்தனர். ஒரு பெண்ணின் இழந்த கர்ப்பத்தை, அதே பெண்ணின் நல்லபடியாக முடிந்த கர்ப்பத்துடன் ஒப்பிட்டதே இதன் சிறப்பு. வறுமை, மரபுக்கூறு போன்ற காரணங்கள் முடிவைத் திசைதிருப்பும் வாய்ப்பு இதனால் குறைகிறது. காற்றில் பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்கள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது, கர்ப்ப இழப்புக்கான வாய்ப்பு 3 சதவீதம் உயர்வதாக அவர்கள் கண்டறிந்தனர். இந்தியா நிர்ணயித்துள்ள ஆண்டுச் சராசரி வரம்பான 40 மைக்ரோகிராமை மாசு தாண்டுவதோடு, தெற்காசியாவில் ஆண்டுக்கு 3,49,681 கருச்சிதைவுகளும் குழந்தை இறந்து பிறப்பதும் தொடர்புடையவை என மதிப்பிட்டனர்.

இது புள்ளியியல் மதிப்பீடு மட்டுமே. குறிப்பிட்ட ஒரு பெண்ணின் இழப்புக்குக் காற்றே காரணம் என்று இதைக்கொண்டு கூற இயலாது. ஆயினும் புறந்தள்ளக்கூடியதும் அன்று. டெல்லியின் ஆண்டுச் சராசரி 2024-ஆம் ஆண்டில் 90 மைக்ரோகிராமுக்கும் மேல் இருந்தது. உலக சுகாதார அமைப்பு 2021-இல் பரிந்துரைத்த அளவோ வெறும் 5.

துகள்கள் நுரையீரலோடு நின்றுவிடுவதும் இல்லை. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நஞ்சுக்கொடியில் கருவை நோக்கிய பக்கத்திலும் கரித்துகள்கள் படிந்திருப்பதை 2019-இல் கண்டனர். தாய் சுவாசித்தது சிசுவின் வாசல்வரை வந்துவிடுகிறது என்பதற்கு அது நேரடிச் சான்று.

அரசின் அணுகுமுறையோ வேறு திசையில் செல்கிறது. 2019-இல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில், நகரங்களின் முன்னேற்றம் பிஎம் 10 எனும் பெரிய துகள்களைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. சாலைப் புழுதியை அடக்கினாலே நல்ல மதிப்பெண் கிடைத்துவிடும். வாகனம், அனல்மின் நிலையம், விறகடுப்பு ஆகியவற்றின் நுண்புகை அப்படியே இருக்கலாம்.

காற்று மாசுக்கும் மரணங்களுக்கும் நேரடித் தொடர்பை நிறுவும் உறுதியான தரவு இல்லை என நாடாளுமன்றத்தில் மத்திய அரசு பலமுறை பதிலளித்துள்ளது. கர்ப்ப இழப்பைப் பொறுத்தவரை, தரவு இல்லாததற்குக் காரணம் எளிது. 28 வாரங்களுக்குப் பின் குழந்தை இறந்து பிறந்தால் மட்டுமே பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாகிறது. அதற்கு முந்தைய கருச்சிதைவுக்கு அப்பதிவேட்டில் இடமில்லை. லான்செட் ஆய்வாளர்களும், வீடு வீடாக நடந்த கணக்கெடுப்பில் பெண்கள் தம் நினைவிலிருந்து சொன்னதையே சார்ந்திருக்க நேர்ந்தது.