வலியோடு ஜெபிக்கிறவர்களுக்கு





நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. எழுதுகிறவர் மாறுகிறார், ஊர் மாறுகிறது, நோயின் பெயர் மாறுகிறது. கேள்வி மட்டும் மாறுவதில்லை. "இவ்வளவு ஜெபித்தும் வலி குறையவில்லையே, என் விசுவாசத்தில்தான் ஏதோ குறை இருக்கிறதா?" வலியைவிட இந்தக் கேள்விதான் அவர்களை அதிகமாக வாட்டுகிறது என்பது கையெழுத்திலேயே தெரிகிறது. இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. காரப்பேட்டையில் 1969-ல் தொடங்கப்பட்ட அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். துணிப்பையும் சாப்பாட்டுத் தூக்குமாக வந்து காத்திருக்கும் குடும்பங்களின் முகத்தைப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள். ஊருக்குள் பிள்ளையார்பாளையம் பக்கம் வந்தால் வேறு வகை வலி. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டுக் குனிந்தே வயது போனவருக்கு இடுப்பும் முழங்காலும் ஓய்ந்துவிடுகின்றன. மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பாவு தளர்ந்தால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். மகள் கல்யாணத்தையும் கடன்காரர் வரும் நாளையும் நினைத்து விடிய விடிய விழித்துக் கிடப்பவரின் நெஞ்சுப் படபடப்பும் நோய்தான். ஸ்கேனில் தெரியாது என்பதால் அது சின்ன நோய் ஆகிவிடாது.

இந்தக் கோயில் நகரத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் தெருவே வந்து விசாரிக்கிறது. "காமாட்சி அம்மனிடம் உங்களுக்காகவும் வேண்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு ரசம் வைத்துக் கொடுத்துப் போகும் பக்கத்து வீட்டு அக்காவின் அன்பு எத்தனை பேரைத் தாங்கியிருக்கிறது! வருத்தம் என்னவென்றால், சில நேரம் காயப்படுத்தும் சொல் நம் சபைக்குள்ளிருந்தே வருகிறது. "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கும், யோசித்துப் பாருங்கள்" என்கிறார் ஒருவர். "விசுவாசித்திருந்தால் இந்நேரம் சுகம் கிடைத்திருக்கும்" என்கிறார் இன்னொருவர். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கட்டிலில் இருப்பவருக்கு அது தீர்ப்பாக விழுகிறது.

அந்தத் தீர்ப்பு வேதத்தில் இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டு, யார் செய்த பாவம் இது என்று சீடர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, அவனைப் பெற்றவர்களும் அல்ல என்றுதான் இயேசு பதில் சொன்னார். பவுல் தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று முறை வேண்டினார். முள் எடுக்கப்படவில்லை, தாங்கும் கிருபை கொடுக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலே கெத்செமனே இருக்கிறது. ஆண்டவரே வியாகுலப்பட்டார். வேர்வை இரத்தத் துளிகளைப் போல விழும் அளவுக்கு ஜெபித்தார். அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கக்கூடுமா என்று பிதாவிடம் கேட்டார். அது நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லத் துணிகிறவர் யார்? அப்படியானால் உங்களையும் யாரும் சொல்ல வேண்டாம். நீங்களும் உங்களைச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். எத்தனை காலம் இப்படி, ஏன் முகத்தை மறைத்துக்கொள்கிறீர், ஏன் கேட்கவில்லை என்று தேவனையே கேட்கிற பாட்டுகள். பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடுகின்றன. ஆனால் 88-ஆம் சங்கீதம் திரும்புவதே இல்லை. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் நம் முன்னோர் வேதத்தைவிட்டு எடுத்துவிடவில்லை. ஆராதனையில் வாசிக்க வைத்தார்கள். நம்பிக்கை வார்த்தை ஒன்றும் வாயில் வராத இரவுகளிலும் ஒரு விசுவாசி ஜெபிக்கலாம் என்பதற்கு அந்த ஒரு சங்கீதம் போதும். அழுகையும் ஜெபம்தான். கோபத்தோடு கேட்கிற கேள்வியும், அவரைப் பார்த்துக் கேட்கிறவரையில், ஜெபம்தான்.

மனக்கலக்கத்தில் இருக்கிறவர்களுக்கு எலியாவின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. கர்மேல் மலையில் அத்தனை பேர் முன்பாகத் துணிந்து நின்ற மனிதர், அடுத்த சில நாட்களில் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். அவரைத் தேவன் திட்டவில்லை. பிரசங்கமும் செய்யவில்லை. தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். மறுபடியும் உணவு வந்தது. பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான், ஓரேப் மலையில். சோர்ந்துபோன மனிதருக்கு முதலில் தூக்கமும் சோறும் தேவை என்று படைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் வீடுகளிலும் அதே வரிசையைப் பின்பற்றினால் எவ்வளவு நல்லது!

நம் பக்கத்திலேயே நடந்த சில காரியங்களைச் சொல்கிறேன். செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷன் நடத்திய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. ராபர்ட் காக்ரன் அங்கே மருத்துவராக இருந்த காலம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்திருந்த இளம் அறுவை மருத்துவர் பால் பிராண்டை அவர் அழைத்துச் சுற்றிக்காட்டினார். பிராண்டும் நம் தமிழ் மண்ணில் பிறந்தவர்தான். 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். திருமணியில் விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், தன் கையைப் பற்றி இறுக்கச் சொன்னார். அந்தப் பிடியில் பிராண்டுக்கே வலித்தது. செத்துப்போனதாக எல்லாரும் கைவிட்ட கையில் இன்னும் பலமான தசைகள் இருக்கின்றன என்று அந்தக் கணத்தில் புரிந்துகொண்டார். மடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் வேலை அங்கிருந்துதான் விரிந்தது.

தொழுநோயில் விரல்கள் தானாக உதிர்வதில்லை, உணர்வு போன கையில் சூடும் வெட்டும் தெரியாமல் புண் ஏறி அழிகின்றன என்பதைப் பிராண்ட் தம் வாழ்நாள் முழுதும் எடுத்துச் சொன்னார். வலி என்பது உடலைக் காக்கும் காவல் என்றார். அதற்காக எல்லா வலியும் நல்லது என்று யாரிடமும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். காவலுக்கு வந்தது எதிரியாகிவிடும் நோய்கள் உண்டு. புற்றுநோயின் கடைசிக் கட்டத்து வலி எதையும் காப்பதில்லை. அதைத் தணிக்கத்தான் மருந்து இருக்கிறது, வலி நிவாரணச் சிகிச்சை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது விசுவாசக் குறைவு அல்ல. பிராண்டிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு ஒன்று: மற்றவர்கள் தொடத் தயங்கிய கையை அவர் பிடித்தார். பிடித்ததால்தான் அதில் இன்னும் உயிர் இருப்பது தெரிந்தது.

அதே வேலூரில் மேரி வர்கீஸ் என்று ஒரு மருத்துவர். கேரளத்தைச் சேர்ந்தவர். 1954 ஜனவரியில் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அப்போது இளம் வயது. திரும்ப நடப்போம் என்று காத்திருந்தவருக்கு, நடக்கப் போவதில்லை என்பதை ஏற்றுக்கொள்வது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று பிராண்ட் சொன்னார். மேரி செய்தார். பிறகு வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை உருவாக்கினார். 1966-ல் மறுவாழ்வு மையம் எழுந்தது. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இனி ஒன்றுமில்லை என்று இருந்த காலத்தில், அவர்கள் எழுந்து உட்காரவும் பிழைக்கவும் வழி காட்டினவர், கடைசிவரை தாமே நாற்காலியைவிட்டு எழ முடியாதவர். சுகத்துக்காகச் செய்த ஜெபங்களுக்கு அவர் கேட்ட பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஜெபங்கள் வீண்போயின என்று அந்த மையத்தில் நிற்கிற யாராலும் சொல்ல முடியாது.

தெற்கே டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் இருந்தார். கைவிடப்பட்ட பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த அந்த அயர்லாந்துப் பெண்மணி, 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதன்பின் 1951-ல் மறையும்வரை, கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள், பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தன. நோயாளிகளுக்காக நலமுள்ளவர்கள் எழுதும் ஆறுதல் புத்தகங்கள் தம் மனத்தைத் தொடவில்லை என்று கண்டு, நோயாளிகளுக்கு ஒரு நோயாளியாகவே எழுதத் தொடங்கினார். முடியாத உடம்போடு, தூங்காத இரவுகளின் உண்மையை மறைக்காமல் எழுதினார். இன்றும் மருத்துவமனைக் கட்டில்களில் அந்த எழுத்து வாசிக்கப்படுகிறது என்றால் காரணம் அதுதான்.

இவர்கள் மூவரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. விசுவாசம் தரும் ஆறுதல், வலி இல்லாத வாழ்வு அல்ல. வலிக்குள் நாம் தனியாக விடப்படவில்லை என்ற நிச்சயம். சிலுவையில் தொங்கினவரை ஆண்டவர் என்று அழைக்கிறோம். வலியை அவர் தூரத்திலிருந்து பார்த்தவர் அல்ல. அந்த நிச்சயம் பெரும்பாலும் ஒரு மனிதரின் கை வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது.

நம் ஊர் கோர்வைப் புடவையைப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதை நெய்ய மூன்று நாடா வேண்டும். நெசவாளர் வலப்பக்கம் உட்கார்ந்தால், இடப்பக்கத்துக் கரைக்கு நாடா வாங்கி எறிய இன்னொருவர் உட்கார வேண்டும் என்பது பழைய முறை. எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் மறுபக்கத்து ஆள் இல்லாமல் கோர்வை ஏறாது. துன்பத்தில் விசுவாசமும் அப்படித்தான். கெத்செமனேயில் இயேசுவே மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய், தம்மோடு விழித்திருக்கக் கேட்டாரே! அவருக்கே வேண்டியிருந்த துணை நமக்கு வேண்டாம் என்று இருக்க முடியுமா?

ஆகவே சபையாருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது காரணம் தேடாதீர்கள். வேறு யாருக்கோ இதே நோய் வந்து என்ன ஆயிற்று என்ற கதை வேண்டாம். கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுச் சுருக்கமாக ஜெபியுங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவரைக் கவனியுங்கள். "நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் படுத்து எழுந்து வாங்க, நான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். காரப்பேட்டைக்கு வெளியூரிலிருந்து வந்திருக்கும் குடும்பத்துக்கு ஒருவேளைச் சோறு, பிள்ளைக்குப் பால், பேருந்துச் செலவுக்குக் கொஞ்சம் பணம். எந்த மதம் என்று கேட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. நல்ல சமாரியன் அப்படிக் கேட்டுக் கொடுக்கவில்லை.

மனப்பதற்றத்தில் இருக்கும் என் அன்பானவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். தூக்கம் போய், பசி போய், காரணமில்லாமல் நெஞ்சு அடித்துக்கொண்டு வாரங்கள் கழிந்தால் மருத்துவரைப் பாருங்கள். கண்ணுக்கு மருந்து போடுகிறோம், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறோம். மனத்துக்கு மருந்து எடுப்பதில் வெட்கம் எதற்கு? வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நொடியே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். இரவானாலும் பகலானாலும் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணையோ, நம் மாநிலத்தின் 104 எண்ணையோ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இரவில் நீளமாக ஜெபிக்க முடியவில்லையா? நீளம் தேவையில்லை. ஒரு சங்கீதத்தை மெல்லச் சத்தமாக வாசியுங்கள். வாசிக்கவும் முடியவில்லை என்றால் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் இயேசுவே என்று ஒரு முறை கூப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உங்களால் ஜெபிக்க முடியாத நாட்களில் உங்களுக்காகச் சபை ஜெபிக்கிறது. சபை இருப்பதே அதற்காக. உங்கள் பெயரையும் பாரத்தையும் எங்களுக்கு எழுதுங்கள். இந்த இதழைத் தயாரிக்கிற நாங்கள் ஒவ்வொரு கடிதத்தையும் ஜெபத்தில் வைக்கிறோம்.

ஆண்டவரே, இன்றிரவு வலியோடு படுக்கிறவர்களுக்குத் தூக்கம் தாரும். கடனாலும் கவலையாலும் கலங்குகிறவர்களுக்கு வழி காட்டும். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களின் சோர்வை நீக்கும். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பொறுமையும் தெளிவும் தாரும். அருகில் போய் உட்காரும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆசிரியர்