பழியைப் போர் மேல் போடாதீர்கள்

பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சிக்கு எல்லையில் நின்ற அந்நியப் படைகளே காரணம் என்கிறார் நண்பர். 1793-க்கு அது ஓரளவு பொருந்தும். 1794-க்கு? அந்த ஆண்டு ஜூன் 26-ல் ஃப்ளூரூஸில் பிரெஞ்சுப் படை ஆஸ்திரியப் படையை வென்றுவிட்டது. பாரிஸில் கில்லட்டின் ஓயவில்லையே!

ஜூன் 10-ல் வந்த சட்டத்தைப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது. தீர்ப்பு ஒன்று விடுதலை, இல்லையேல் மரணம். அடுத்த ஏழு வாரங்களில் பாரிஸில் மட்டும் 1,300-க்கும் மேற்பட்ட தலைகள் உருண்டன. அச்சட்டத்துக்காக வாதாடிய புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர்தான் 1791-ல் மரண தண்டனையையே ஒழிக்கச் சொன்னவர். (அவரும் வக்கீல்தான்!) மக்களின் எதிரி யார் என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்று நம்பியவர்களுக்குப் போர் நல்ல சாக்கு.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது ஆஸ்திரியப் படையல்ல, புரட்சி அரசின் பொதுப் பாதுகாப்புக் குழு. நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.